அப்பாவின் பெயரில் ஒரு கேற்

1

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பந்து மைதானம் இருக்கிறது. இன்று காலை அதன் வாசல் கேற்றில் சிவப்புப் பலகை தொங்குகிறது. புல் ஈரமாக இருக்கிறது, யாரும் உள்ளே போகக் கூடாது என்று அர்த்தம். சுவிசில் மைதானத்துக்கும் சுகவீன லீவு உண்டு.

இந்தப் பலகையை இப்போது என் கண்ணில் காட்டக் கூடாது. இதைப் பார்த்துத்தான் நான் கெட்டேன். என்னால் எங்கள் ஊர் உதைபந்துக் கழகம் கெட்டது.

நேரே சொல்லிவிடுகிறேன். கிரான் என்ற சிறு பட்டணத்திலிருந்து வயல் பக்கமாக உள்ளே போனால் எங்கள் ஊர். ஊர்க் கழகம் இந்த வருடம் மாவட்ட லீக்கில் முதலாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. எட்டுக் கழகங்கள் விளையாடின. கடைசி இரண்டும் இறங்க வேண்டும். நாங்கள் ஏழாவது. முதலாம் பிரிவுக்கு ஏற எங்களுக்குப் பதினான்கு வருடம் எடுத்தது. இறங்குவதற்கு ஒரு கேற் போதும் என்று ஆகிவிட்டது.

ஊரில் என்னைக் குறை சொல்கிறார்கள். அது சரி. ஆனால் வெளிநாட்டில் இருக்கிற கழகத்து ஆட்கள் மற்றப் பத்துப் பேரும் என்னை மட்டும் குறை சொல்கிறார்கள். அது சரியில்லை. கை தூக்கியது எல்லாரும்தான். அதனால் நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

2

கழகத்துக்கு வெளிநாட்டுக் கிளை என்று ஒன்று உண்டு. நான்கு நாடுகளில் பதினொரு பேர். ஓர் அணிக்குச் சரியான கணக்கு. ஆனால் எவனாலும் ஓட ஏலாது. பாதிப் பேருக்குச் சீனி வியாதி, மீதிப் பேருக்கு முழங்கால் நோவு. நான் தலைவர். தலைவர் என்றால் போன் குழுவில் எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்துகிறவன்.

போன வருட அறுவடை நேரம் யாரோ எங்கள் மைதானத்தின் படத்தைக் குழுவில் போட்டான். பாதி மைதானத்தில் படங்கு விரித்து நெல் காய்கிறது. கோல் கம்பத்தில் ஒரு குடை தொங்குகிறது. அது என் தாய்மாமனின் மகள் பரமேஸ்வரியின் குடை. எனக்கு மச்சாள். படம் எப்படியோ லண்டனில் இருக்கும் ஒரு மாங்கேணிக்காரனிடம், எங்களோடு போட்டி போடும் கடற்கரை ஊர்க்காரனிடம், போய்ச் சேர்ந்தது. அவன் எனக்கு எழுதினான்:

"மச்சான், ஒங்கட கிறவுண்டில கோல் அடிச்சா வலைக்குள்ள பந்து கிடக்குமா, அரிசி கிடக்குமா?"

"நீ முதல்ல ஒங்கட கிறவுண்டில காயிற கருவாட்ட அள்ளுடா" என்று பதில் போட்டேன். போட்டேனே தவிர, அவன் சொன்னது தைத்துவிட்டது.

சுவிசுக்கு வந்த புதிதில் ஒருநாள் இந்த எதிர் மைதானத்துக்குக் குறுக்கே நடந்து போனேன். சிவப்புப் பலகை தொங்கியது, நான் கவனிக்கவில்லை. கையில் கைக்குழந்தையாக என் மகள். இரண்டு நாளில் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. புல்லுக்கு ஏற்படக்கூடிய பாதிப்பைப் பற்றி ஒரு முழுப் பக்கம். வாசிக்கத் தெரியாமல் மொழிபெயர்ப்பாளரிடம் கொண்டு போனேன். அவர் சிரித்தார். "உங்களை நாடு கடத்தவில்லை, புல்லிலிருந்து மட்டும் கடத்தியிருக்கிறார்கள்" என்றார். அன்று எனக்குக் கோபம். போகப் போக அந்தக் கோபம் மரியாதையாக மாறிவிட்டது. மைதானம் என்றால் இப்படி இருக்க வேண்டும். வேலி, கேற், பூட்டு. விளையாடுகிறவன் மட்டும் உள்ளே வர வேண்டும். மாங்கேணிக்காரன் சிரித்த அன்று இதையே குழுவில் எழுதினேன். பத்துப் பேரும் சரி என்றார்கள்.

ஊரில் கழகச் செயலாளர் தயாபரன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பல வகுப்புக் கீழே படித்தவன். அவன் மட்டும் இழுத்தான்.

"நெல்லுக்காரர் என்ன சொல்லுவாங்களோ தெரியா அண்ணன்."

"கழகம் பந்துக்கா, நெல்லுக்கா?"

"பந்துக்குத்தான்."

"அப்ப போடு வேலிய."

என் மனைவி சாந்தி செங்கலடிப் பக்கம். அவளும் வயல் குடும்பம்தான். இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு கறி தாளித்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"அப்ப நெல்ல எங்க காயப்போடுற?"

"றோட்டில."

"றோட்டில வாகனம் வராதா?"

"அதெல்லாம் பாத்துப் போவாங்க."

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று இப்போது சொல்ல முடியாது.

எங்கள் ஆட்கள் செத்தவரின் பெயர் இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். பஸ் நிலையம், குழாய்க் கிணறு, பள்ளிக்கூட அலுமாரி, எல்லாவற்றிலும் ஓர் அமரர் இருப்பார். கேற் மட்டும் எப்படித் தப்பும்? இரும்புச் சட்டம், கனத்த தகடு, நீல பெயின்ட். ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் "அமரர் க. நாகமணி ஞாபகார்த்த நுழைவாயில்". அது என் அப்பா. அதற்குக் கீழே "அன்பளிப்பு: மகன் சிவலிங்கம், சுவிஸ்". என் பெயர் அப்பாவின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிது. பெயின்ட் அடித்தவனின் பிழை என்று எல்லாரிடமும் சொன்னேன். அவன் நான் சொன்னபடிதான் எழுதினான்.

அப்பா வாழ்நாளில் பந்தைத் தொட்டதில்லை. அவருக்குத் தெரிந்தது வட்டை என்கிற வயல்வெளி மட்டும். வட்டைக்குப் போகும் வழியில் ஒரு வாய்க்கால் உண்டு. பாலம் கிடையாது. அறுவடை முடிந்தால் நெல் மூட்டையைத் தலையில் வைத்துத் தண்ணீருக்குள் இறங்கி ஏறுவார். இப்படிப்பட்ட மனிசனின் பெயரில் பந்து மைதானத்துக்கு நுழைவாயில் கட்டினேன். திறப்பு விழாவைப் போனில் பார்த்தேன். மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். பரமேஸ்வரியும் வந்து நின்றாள். கைதட்டினாள். பூட்டைப் பற்றி அப்போது யாரும் அவளிடம் சொல்லவில்லை.

3

பருவம் பெப்ரவரியில் தொடங்கியது. ஊரில் நாலு மணிக்கு மட்ச் என்றால் இங்கே பதினொன்றரை. நான் ஓர் ஆசுபத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். கட்டில் சீலைகளை உலர்த்தும் மெஷின் என் பொறுப்பு. போனை மெஷினின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பார்ப்பேன். தயாபரன் மைதான ஓரத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டே நிலைமை சொல்லுவான். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப் பக்கத்தைத்தான் அவன் போன் காட்டும்.

முதல் மட்ச் எங்கள் மைதானத்தில். இரண்டுக்குப் பூச்சியம், வென்றோம். கீப்பர் பிரதீபன் ஒரு பெனால்டியைப் பிடித்தான். பிரதீபன், பரமேஸ்வரியின் மகன். நல்ல உயரம், இருபத்துமூன்று வயது. அவன் இருக்கும்வரை முதலாம் பிரிவில் நிற்போம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மாங்கேணிக்காரனுக்கு அன்றே புது வேலியின் படத்தை அனுப்பினேன். அவன் பெருவிரல் படத்தை மட்டும் அனுப்பினான்.

அடுத்த கிழமை அறுவடை. வேலை நேரத்தில் பரமேஸ்வரி போன் எடுத்தாள்.

"மச்சான், கேற்றப் பூட்டி வச்சிரிக்காங்க. தயாட்டக் கேட்டா ஒங்கட்டக் கேக்கட்டாம். சுறுக்காத் திறக்கச் சொல்லுங்க, வெயில் போகுது."

"இது லீக் நடக்கிற காலம் மச்சாள். கிறவுண்ட் பழுதாப்போகும்."

"இத்தின வருசம் பழுதாப் போகாத கிறவுண்ட் இப்பதான் பழுதாப் போகுதா?"

"றோட்டில போடுங்களன்."

அவள் பேச்சை மாற்றினாள்.

"நீங்க அங்க என்ன வேலை செய்யிறயள் மச்சான்?"

"ஆசுபத்திரிச் சீலை காயவைக்கிற வேலை. ஏன்?"

"எதில காயவைக்கிற?"

"மெஷினில."

"ஆ. எங்கட மெஷின் மேல இரிக்கி. அதுக்குக் கீழ விரிக்கத்தான் இடம் இல்ல."

வைத்துவிட்டாள். நான் சீலைகளை மடித்தேன். எனக்கு அவள் மேல் கோபம் வந்ததே தவிர வேறு ஒன்றும் வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் விளையாடிய காலத்திலும் அந்த மைதானத்தில் நெல் காய்ந்தது. அதற்கு ஒரு முறை இருந்தது. காலையில் பெண்கள் வந்து முதலில் கூட்டுவார்கள். கல் இருந்தால் படங்கு கிழியும், முள் இருந்தால் காலில் ஏறும். நெல்லைக் காலால்தான் கிளறித் திருப்புவார்கள். மூன்றரைக்குக் கோச் விசில் ஊதுவார். விளையாட்டுக்காரர் எல்லாரும் நெல் தள்ளும் பலகையோடு இறங்கி நெல்லைக் குவித்து, சாக்கில் கட்டி ஓரத்தில் அடுக்குவோம். எங்களுக்கு உடம்பு சூடாக்குவது அதுதான். நாலு மணிக்குப் பந்து. முறை அவ்வளவுதான். யாரும் எழுதி வைக்கவில்லை, எவரும் கையெழுத்து வைக்கவில்லை. நானும் அந்தப் பலகையைப் பிடித்தவன். வேலி போடச் சொன்னபோது எனக்கு ஞாபகம் வந்தது முதுகு நோவு மட்டும்தான்.

4

கேற் பூட்டியதும் நெல் பெரிய றோட்டுக்குப் போனது. மைதானத்திலிருந்து அரை மணி நேர நடை. றோட்டில் போட்டால் ஆள் நிற்க வேண்டும். மாடு வரும், ஆடு வரும், மோட்டார்சைக்கிள் வரும். யார் நிற்பது? வீட்டில் இருக்கும் இளந்தாரிகள். அவர்கள்தான் எங்கள் அணி. நாலு மணிப் பயிற்சிக்கு ஐந்தரைக்கு வந்தார்கள். சிலர் வரவேயில்லை.

இரண்டாவது மட்ச் சமம். மூன்றாவது தோல்வி. நாலாவதும் தோல்வி. தயாபரனை எடுத்துக் கத்தினேன்.

"என்னடா விளையாடுறானுகள்? கீப்பர் ஏன் விழுந்து பிடிக்கிறான் இல்ல?"

"எப்பிடி அண்ணன் விழுற? கிறவுண்டெல்லாம் நெருஞ்சி."

"நெருஞ்சியா? எங்கட கிறவுண்டில எப்படா நெருஞ்சி இருந்த?"

"முந்திக் கூட்டினாங்க. இப்ப ஆரு கூட்டுற?"

"பொடியனுகளக் கொண்டு புடுங்கு."

"பொடியனுகள் றோட்டில நிக்கானுகள் அண்ணன்."

மழை விட்ட நிலத்தில் நெருஞ்சி படர எத்தனை நாள் வேண்டும்? இத்தனை வருடமும் மைதானத்தைப் பராமரித்தது கழகம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கழகத்திடம் ஒரு விளக்குமாறுகூட இருந்ததில்லை.

அந்தக் கிழமைகளில் என் மகள் நிவேதாவும் விளையாடிக்கொண்டிருந்தாள், இங்குள்ள நகரக் கழகத்தின் பெண்கள் அணியில். ஒரு ஞாயிறு அவள் மட்சும் ஊர் மட்சும் ஒரே நேரம். நான் அவள் மைதானத்தின் ஓரத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றி எல்லாரும் கத்தினார்கள். நிமிர்ந்தபோது பிள்ளைகள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு இந்த வருடம் இதுவரை கிடைத்த ஒரே கோல். வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஜெர்மன் மொழியில் கேட்டாள், எந்தக் காலால் அடித்தேன் என்று. வலது கால் என்று சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இடது காலாம். சாந்திதான் பிறகு சொன்னாள்.

5

மார்ச் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் பிரதீபன் றோட்டில் நெல்லைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறான். ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நெல்லில் வழுக்கி அவன் மேல் விழுந்தது. ஓட்டி வந்தவனுக்குச் சிராய்ப்பு. பிரதீபனுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

பார்த்துப் போவாங்க என்று நான்தானே சொன்னேன். சாந்தி அதை எனக்கு ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் தயாபரனை எடுத்தேன்.

"கேற்றத் திற. நெல்லு உள்ள வரட்டும்."

"இனி என்னத்துக்கு அண்ணன்? வெட்டு முடிஞ்சி. மிச்ச நெல்லையும் ஈரத்தோட வித்தாச்சி."

பரமேஸ்வரியை எடுக்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "கை பொருந்திரும் எண்டு டொக்டர் சொன்னாரு மச்சான்" என்றாள். திட்டியிருக்கலாம்.

6

கடைசி மட்ச் ஏப்ரல் முதல் கிழமை, எங்கள் மைதானத்தில், ஏறாவூர்க் கழகத்தோடு. அவர்களுக்கு வென்றாலும் தோற்றாலும் ஒன்றுதான், மூன்றாவது இடம் உறுதி. எங்களுக்குச் சமம் போதும். சமம் என்றால் முதலாம் பிரிவில் நிற்போம். தோற்றால் கீழே.

பெயர்ப் பட்டியலில் இருந்த இரண்டாவது கீப்பர் ஜனவரியிலேயே கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். எண்ணிக்கைக்காகத் தயாபரனின் பெயரையும் பதிந்து வைத்திருந்தார்கள். நாற்பத்தொரு வயது, தொந்தி. அவனே கோலுக்குள் இறங்கினான். போனைப் பிடித்தது பிரதீபன், இடக்கையால்.

"பெரியப்பா, விளங்குதா?"

"விளங்குது. கை என்ன மாதிரி?"

"கடிக்கிது. மாவுக்கட்டுக்குள்ள சொறிய ஏலா."

"தயா என்ன செய்யிறான்?"

"கோலுக்குள்ள குந்தி நெருஞ்சி புடுங்கிறார்."

இந்த நாட்டில் நேரத்தை ஒரு மணித்தியாலம் மாற்றியிருந்தார்கள். பன்னிரண்டரை. நான் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் பாதியில் ஏறாவூர் ஒன்று அடித்தது. இரண்டாம் பாதியில் நாங்கள் ஒன்று அடித்தோம். பிரதீபன் கத்தியதில் போன் நிலத்தில் விழுந்து வானத்தைக் காட்டியது. ஒன்றுக்கு ஒன்று. முடிய எட்டு நிமிடம். தயாபரன் காலாலும் நெஞ்சாலும் எப்படியோ தடுத்துக்கொண்டிருந்தான். ஒருமுறை பந்து வெளியே போனபோது ஏறாவூர்ப் பொடியன் ஒருவன் கோலுக்குப் பக்கத்தில் வந்து தன் காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கினான். பிரதீபனின் போனில் அவன் குரல் கேட்டது. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"காக்கா, இது கிறவுண்டா, முள்ளுத் தோட்டமா? விழுந்திராதீங்க, உசிரோட வீட்ட போங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிரதீபனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி நேரம். அதே பொடியன்தான் அடித்தான். வேகமான அடி இல்லை. நிலத்தோடு உருண்டு, தயாபரனின் வலது பக்கம். விழுந்தால் கை எட்டும். தயாபரன் காலை நீட்டினான். பந்து கால் விரலுக்கு அங்கால் போனது.

போன் தாழ்ந்து மண்ணைக் காட்டியது.

"விழல்ல பெரியப்பா" என்றான் பிரதீபன். "தயாண்ணன் விழல்ல."

"நீ எண்டா விழுந்திருப்பியா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"தெரியா பெரியப்பா. முள்ளுத்தானே."

விசில் ஊதியது. மெஷினும் அதன் நேரம் முடிந்து நின்றது. சீலைகளை எடுத்தேன். சூடாக, நன்றாகக் காய்ந்திருந்தன.

7

போன கிழமை தயாபரன் ஒரு படம் அனுப்பினான். விளக்கம் எதுவும் எழுதவில்லை. வட்டைக்குப் போகும் வழி, அப்பா இறங்கி ஏறிய அதே வாய்க்கால். குறுக்கே வேலியின் கொங்கிரீட் தூண்கள் நாலைந்து. அவற்றின் மேல் என் நீலக் கேற் படுத்துக் கிடக்கிறது. அதற்கு மேலால் ஒரு லான்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு மெஷின், பெட்டி நிறைய விதைநெல்லோடு போகிறது. சிறுபோகம் தொடங்கிவிட்டது.

குழுவில் பத்துப் பேரும் குதித்தார்கள். பொலிசுக்குப் போக வேண்டும், கழகத்தைக் கலைக்க வேண்டும், நன்றி கெட்ட சனம். நான் ஒன்றும் எழுதாமல் பரமேஸ்வரியை எடுத்தேன்.

"மச்சாள், கேற்ற ஆரு கழட்டின?"

"நாங்கதான். பொம்புளையள் ஒம்பது பேர். தயா ஸ்பானர் தந்தான். ஏன், பொலிசுக்குச் சொல்லப்போறயளா?"

"அதில அப்பாட பேர் இரிக்கி."

"தெரியும். எனக்கும் மாமாதானே."

"மறுகா என்னெண்டு அதுக்கு மேலால மெஷின் விடுறயள்?"

"பேர் கீழ மச்சான். கவுத்துத்தான் போட்டிரிக்கம். மிதிக்கிற இடத்தில மாமாட பேர மேல வைப்பமா? ஒங்கட பேரும் கீழதான். அதுவும் தண்ணியப் பாத்துக்கிட்டுக் கிடக்கு."

"தாங்குமா?" என்று கேட்டேன்.

"ஓம். நல்ல இரும்பு. அதில குறை சொல்ல ஏலா."

"பிரதீபன்?"

"கட்டு வெட்டியாச்சி. நேற்றும் பந்துக்குத்தான் போனான். ரெண்டாம் பிரிவெண்டாலும் கீப்பர் வேணுமாமே." அதோடு விடவில்லை. "மச்சான், கோவிக்காட்டி ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க."

"இன்னொரு கேற் செஞ்சி தருவயளா? மேல்வட்டை வாய்க்காலுக்கும் ஒண்டு தேவை."

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. பழக்கதோசத்தில் கேட்டேன்.

"அதில ஆருட பேர் போடுற?"

"என்னத்துக்குப் பேரு? அதையும் கவுத்துத்தானே போடப்போறம்."